பத்மினிக்கு என்ன விலை?

சென்னையில் ஒரு பழைய ஜோக் உண்டு. புதுப்பேட்டையில் காரை நிறுத்திவிட்டு எதிர்க் கடையில் டீ குடிக்கப் போனீர்களானால், திரும்பி வருவதற்குள் உங்கள் காரின் பாகங்களை உங்களுக்கே நல்ல விலைக்கு விற்றுவிடுவார்களாம்! டீயின் சூடுகூட ஆறியிருக்காதாம்.

புதுப்பேட்டைக்காரர்கள் இந்த ஜோக்கைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவர்கள். யாராவது சொன்னால், 'ஆமா சார், டீக்கும் சேர்த்து பில் போட்டுடுவோம்' என்று அவர்களே முடித்து வைக்கிறார்கள்.

எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு பக்கம் கூவம். இன்னொரு பக்கம், ஒரு காலத்தில் ஹாரிஸ் ரோடாக இருந்த ஆதித்தனார் சாலை. நடுவே சந்து சந்தாகப் பிரியும் தெருக்களில் லைப்ரரியில் புத்தகம் அடுக்கிய மாதிரி கார் கதவுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங்குகள் வளையல் கடை மாதிரி கம்பியில் தொங்குகின்றன. இன்ஜின்கள் வாசல் படிக்கட்டு போல வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. புது ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டுமா, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் போங்கள். உலகத்தில் யாருமே இப்போது தயாரிக்காத ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டுமா, இங்கே வாருங்கள்.

ஆனால், புதுப்பேட்டைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க மட்டும்தான் வரவேண்டும் என்றில்லை. பழைய கார் ஒன்றுக்கு விலை தெரிந்துகொள்ளவும் வரலாம். அதுவும் பேப்பர் சரியில்லாத பழைய கார் என்றால், கட்டாயம் முதலில் இங்கேதான் வரவேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன்.

இப்போதெல்லாம் ஆபீஸ் போகும் இளைஞர்களுக்கு ஒரு புது ஆசை வந்திருக்கிறது. கையில் நாலு காசு சேர்ந்ததும் பளபளவென்று புதுக் கார் எடுக்காமல், தாத்தா காலத்துக் காரைத் தேடிப் போகிறார்கள். என் சித்தப்பா பையன் அதில் ஒருவன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒரு நாள் வந்து நின்றான்.

"அண்ணா, பத்மினி ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன்."

சித்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண் பார்க்கும் நேரத்தில் இவனே ஒருத்தியைப் பார்த்துவிட்டான் என்று நினைத்துவிட்டாள். 'எந்த ஊருப் பொண்ணுடா?' என்று விசாரணை ஆரம்பிப்பதற்குள், அது பம்பாய் குர்லாவில் பிறந்த பிரீமியர் பத்மினி என்று விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. ஃபியட் 1100 என்ற இத்தாலிக்காரரின் இந்திய வாரிசு. 1974-ல் மேவார் ராணியின் பெயரைச் சூட்டினார்கள். 1089 சி.சி. பெட்ரோல் இன்ஜின். ஸ்டியரிங்கை ஒட்டியே கியர்.

தாம்பரம் பக்கம் ஒரு ஷெட்டில் நிற்கிறதாம். 1987 மாடல். புரோக்கர் கேட்பது இரண்டரை லட்சம்.

"பேப்பர் எல்லாம் எப்படி?"

"புக்கு கொஞ்சம் பழசாம். மத்தபடி எல்லாம் பக்கானு சொன்னாருண்ணா."

இந்த 'மத்தபடி' என்ற வார்த்தை இருக்கிறதே, பழைய கார் வியாபாரத்திலேயே விலை உயர்ந்த வார்த்தை அதுதான். கல்யாண புரோக்கர், 'பையனுக்குக் கொஞ்சம் முன்கோபம், மத்தபடி தங்கம்' என்பாரே, அந்த 'மத்தபடி'!

நான் பி.காம். தேய்மானம் என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காருக்கு வருஷம் 15 சதவிகிதம், குறைந்து வரும் மதிப்பு முறையில். ஐந்து லட்ச ரூபாய்க் கார் 15 வருஷத்தில் சுமார் 43,700 ரூபாயாகத் தேயும். இந்த முறையில் ஒரு விசேஷம் உண்டு... மதிப்பு எவ்வளவு தேய்ந்தாலும் பூஜ்யம் ஆகாது. பழைய காதல் மாதிரி. இன்ஷூரன்ஸ்காரர்களும் ஒரு அட்டவணை வைத்திருக்கிறார்கள். ஐந்து வயதுவரைதான் அது பேசும். அதற்கு மேல் கம்பெனியும் காரின் சொந்தக்காரரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

அதாவது, 1987 பத்மினிக்கு எந்தப் புத்தகத்திலும் விலை கிடையாது. அதனால்தான் தம்பியைக் கூட்டிக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனேன்.

அங்கே நமக்குத் தெரிந்த ஒரு பாய் இருக்கிறார். அறுபது வயதுக்கு மேல். காரைப் பார்க்காமலே, சத்தத்தை வைத்து எந்த வருஷத்து இன்ஜின் என்று சொல்லிவிடுவார். தம்பி காட்டிய போட்டோக்களைப் பார்த்தார்.

"உடைச்சா முப்பத்தஞ்சாயிரம் தேறும்."

தம்பி முகம் சுருங்கிவிட்டது. பாய் சிரித்தார்.

"கோச்சுக்காதே தம்பி. இது பேப்பர் இல்லாத விலை. தகடு கிலோ கணக்கு. கதவு, கண்ணாடி, கிரில் தனிக் கணக்கு. இதுக்குக் கீழே எந்தக் காரும் போகாது. அதுதான் தரை. தரை எங்கே இருக்குனு தெரிஞ்சாத்தானே எவ்வளவு உயரத்துல நிக்கிறோம்னு தெரியும்? இப்ப புக்கைக் காட்டு."

மூன்று வருஷ காமர்ஸ் படிப்பில் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை.

புரோக்கர் கொடுத்திருந்த ஆர்.சி. புக்கின் ஜெராக்ஸை பாய் வாங்கிப் பார்த்தார். ஜோசியர் ஜாதகம் பார்க்கிற மாதிரியே மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, விரலால் கட்டம் கட்டமாகத் தடவிப் பார்த்தார்.

"எண்பத்தேழுல மெட்ராஸ் நம்பர். 'டி'யில ஆரம்பிக்கிற மூணு எழுத்து. தொண்ணூத்தாறுல பாண்டிச்சேரி போயிருக்கு. பி.ஒய். 01 நம்பர் விழுந்திருக்கு. அங்கேயே எஃப்.சி. காட்டி மூணு தடவை புதுப்பிச்சிருக்காங்க. கடைசியா ரெண்டாயிரத்துப் பதினேழோட முடிஞ்சு போச்சு. அப்புறம் வண்டி இங்கே வந்திருக்கு, என்.ஓ.சி. வாங்கலை. இன்ஜின் நம்பர் புக்குல ஒண்ணு இருக்கு. போட்டோல வேற தெரியுதே?"

பாய் சொன்னதன் சட்டத் தமிழாக்கம் இதுதான். சொந்தக் காரின் பதிவுக்கு ஆயுள் 15 வருஷம். அதன்பின் தகுதி பார்த்து ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 1987-உடன் 15 கூட்டினால் 2002. அப்புறம் 2007, 2012, 2017. கணக்கு சரி. ஒரு மாநிலத்துக் காரை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புது நம்பர் வாங்கியாக வேண்டும். அதற்குப் பழைய ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸின் தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி. தேவை. இன்ஜினை மாற்றினால் அதையும் புக்கில் ஏற்ற வேண்டும்.

"பாய், அப்ப இதை வாங்கவே கூடாதா?" என்றான் தம்பி பரிதாபமாக.

"யார் சொன்னா? குறை மூணு வகை தம்பி. காசால தீர்ற குறை, கையெழுத்தால தீர்ற குறை, கடவுளாலயும் தீராத குறை. உன் வண்டிக்கு எது எதுனு பிரிச்சுக்கோ. விலை தானா வந்துடும்."

இந்த மூன்றையும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், சார். பழைய கார் சாஸ்திரம் மொத்தமும் இதற்குள் அடக்கம்.

முதல் வகை, காசு. எஃப்.சி. முடிந்துவிட்டது, வரி பாக்கி, இன்ஷூரன்ஸ் இல்லை... இதெல்லாம் பயப்பட வேண்டிய விஷயமே இல்லை. எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு விலையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால், பழைய கட்டணத்தை மனதில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 15 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆனது. 20 வயது தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். வெளிமாநில வண்டி என்றால் நம் ஊர் சாலை வரி தனி. பசுமை வரி தனி. காருக்கும் மனிதனுக்கும் ஒரே விதிதான்... வயதானால் ஆஸ்பத்திரிச் செலவு ஏறிவிடுகிறது.

இரண்டாவது வகை, கையெழுத்து. இதற்குக் காசு மட்டும் போதாது, ஆள் வேண்டும். கடனில் எடுத்த கார் என்றால், கடன் எப்போதோ அடைந்திருந்தாலும் புக்கில் பைனான்ஸ் கம்பெனி பெயர் அப்படியே இருக்கும். அதை எடுக்க ஃபாரம் 35-ல் கம்பெனி கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனியே இழுத்து மூடிவிட்டிருந்தால் அலைச்சல்தான். புக்கில் உள்ள ஓனர் இறந்துவிட்டால் வாரிசு வரவேண்டும். புக் தொலைந்திருந்தால் டூப்ளிகேட் வாங்க அந்த ஓனரே வேண்டும். கம்ப்யூட்டருக்கு முந்தைய காலத்து கையெழுத்துப் புக் என்றால், ஆர்.டி.ஓ. ஆபீஸ் பழைய லெட்ஜரைத் தேடிப் பிடித்து ஆன்லைனில் ஏற்ற வேண்டும். இந்த வகைக் குறைக்கு விலை போடுவது எப்படி? ஆள் கிடைப்பாரா, கிடைக்கமாட்டாரா... அதுதான் விலை!

மூன்றாவது வகை, கள்ளம். சேஸ் நம்பரைத் தேய்த்திருக்கிறார்கள், வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், புக்கில் உள்ளது ஒன்று, வண்டியில் உள்ளது வேறு. அத்தோடு முடிந்தது. அந்த வண்டிக்குத் தரை விலையும் கிடையாது. தொடவே கூடாது. 'மலிவாக் கொடுக்கறாங்க சார்' என்பீர்கள். திருப்பதி லட்டு மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். திருட்டு வண்டி மலிவாகக் கிடைத்தால் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சும் சேர்ந்து கிடைக்கும்.

இப்படி ஒரு வண்டி எங்கிருந்து முளைக்கிறது என்று பாயைக் கேட்டேன்.

"சில பேர் வண்டியை உடைக்கக் கொடுத்துட்டு, புக்கை ரத்து பண்ணாம விட்டுடறாங்க. வண்டி செத்துப் போச்சு, பேப்பர் உயிரோட இருக்கு. அந்தப் பேப்பர் வேற ஒரு உடம்பைத் தேடும். ஆவி மாதிரி!"

கேட்கும்போதே சிலிர்த்தது. பேப்பர் இல்லாத வண்டியைவிட, வண்டி இல்லாத பேப்பர் ஆபத்தானது. அதனால்தான் இப்போது அரசாங்கப் பதிவு பெற்ற உடைப்பு நிலையங்களை ஏற்படுத்தி, அங்கே வண்டியை ஒப்படைத்தால் சான்றிதழ் கொடுக்கிறார்கள். 2021-ல் வந்த ஏற்பாடு இது. உங்கள் வீட்டு வாசலில் துருப்பிடித்து நிற்கும் காரை எடைக்குப் போடுவதாக இருந்தால், முதலில் பதிவை ரத்து செய்யுங்கள். சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள்.

பாய் கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில் வேறு சில ஜாதகங்களையும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். 'டி போர்டு' டாக்சியாக ஓடி, பிறகு 'ஓன் போர்டு' ஆன அம்பாசடர். அதன் மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்பக் கூடாது. அரசாங்கத்தில் 'கண்டம்' செய்து ஏலம் விட்ட ஜீப். ஏலப் பத்திரமும் ஃபாரம் 32-ம் இருந்தால்தான் அது வண்டி, இல்லாவிட்டால் வெறும் தகரம். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வயது தாண்டிய அரசு வாகனங்களுக்குப் பதிவே கிடையாது என்று ஆகிவிட்டதால், அந்த ஊற்றும் வற்றிவிட்டது. அப்புறம் டெல்லிக் கார். அங்கே டீசலுக்கு 10 வயது, பெட்ரோலுக்கு 15 வயது என்ற கட்டுப்பாட்டை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025-ல் சில தளர்வுகள் வந்தன. அங்கே வயதாகிப்போன கார் வெளிமாநிலத்தில் மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் இதுதான். மலிவு சரி, என்.ஓ.சி. எங்கே என்று கேளுங்கள்.

எல்லா வரலாறும் விலையைக் குறைக்காது. ஏற்றுவதும் உண்டு. எம்.ஜி.ஆரின் அம்பாசடர் நம்பர் டி.எம்.எக்ஸ். 4777 என்று இன்றைக்கும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம் வண்டலூர்ப் பக்கம் பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று, முதல் நம்பர் மாறாமல் ஒரே குடும்பத்தில் இருந்தால், அதன் விலையே வேறு. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியவற்றுக்கு 2021 விதிப்படி 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவும் உண்டு. ஆனால், அதில் தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான்.

சரி, நம் பத்மினிக்கு வருவோம். பாய் மறுநாளே தாம்பரம் வந்தார். சேஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுத்தார். புக்கோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. இன்ஜின்தான் வேறு. அதே பெட்ரோல் இன்ஜின், வேறு நம்பர்.

"தேய்க்கலை, கொத்தலை. ஒரிஜினல்தான். எங்கே வாங்கினாங்கனு பில் இருந்தா ரெண்டாவது வகை. இல்லைன்னா மூணாவது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

இரண்டாவதா, மூன்றாவதா? பதில் பாண்டிச்சேரியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை திருவான்மியூரில் கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸைப் பிடித்தோம். மகாபலிபுரம் தாண்டி, மரக்காணம் உப்பளங்களின் வெள்ளைப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டே வரும்போது, தம்பி டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போடச் சொன்னான். போட்டேன்.

பேப்பர் சுத்தமாக உள்ள பத்மினிக்கு, விசாரித்த மூன்று இடத்திலும் சுமார் மூன்று லட்சம் சொன்னார்கள். அதில் எஃப்.சி.யில் நிற்கும்படி வண்டியைத் தேற்ற 60,000. பேப்பர் வேலை, வரி, போக்குவரத்து 40,000. ஆறேழு மாத அலைச்சலுக்கும் தலைவலிக்கும் 50,000. ஆக, எல்லாம் நல்லபடி முடிந்தால் வண்டியின் இன்றைய மதிப்பு ஒன்றரை லட்சம். முடியாவிட்டால் பாய் சொன்ன 35,000. முடியுமா, முடியாதா என்பது பாதிக்குப் பாதி. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 92,500.

"அப்ப இப்ப நம்ம வண்டி விலை தொண்ணூத்தி ரெண்டாயிரத்து ஐந்நூறா?"

"பாண்டிச்சேரி போய்ச் சேர்றவரைக்கும்!"

பாண்டிச்சேரிக்குள் நுழைந்தால் பி.ஒய். நம்பர்ப் பலகைகள். சாலை வரி அங்கே குறைவு என்பதால், அங்கே வீடே இல்லாதவர்கள்கூட ஒரு விலாசத்தைப் பிடித்துக் கார் பதிவு செய்வது நீண்ட காலமாக நடந்த கூத்து. 2017-ல் கேரளாவில் பெரிய பெரிய கார்களின் சொந்தக்காரர்கள் மேல் இதற்காக வழக்கே போட்டார்கள். ஒரே விலாசத்தில் ஏகப்பட்ட கார்கள் குடியிருந்தால் அந்த வீட்டுக்கு எத்தனை கார் ஷெட் வேண்டும்! அப்படிப் பொய் விலாசத்தில் பிறந்த கார் என்றால், கையெழுத்துப் போட ஆளே கிடைக்கமாட்டார். எங்களுக்கு உள்ளூர அந்த பயம் இருந்தது.

முத்தியால்பேட்டையில் அந்த விலாசம் உண்மையாகவே இருந்தது. திண்ணை வைத்த பழைய வீடு. கதவைத் திறந்தது எழுபது வயது அம்மா ஒருவர். பி.ஒய். 01 என்று ஆரம்பித்து நம்பரைச் சொன்னதும், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"நீங்க போலீஸா?"

"இல்லம்மா. காரை வாங்கலாமானு பார்க்க வந்தோம்."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, மோர் கொடுத்தார். அவர் கணவர் ஒரு மில்லில் கணக்கு எழுதினவராம். 2016-ல் கண் பார்வை குறைந்ததும் காரை நாற்பதாயிரத்துக்குக் கொடுத்துவிட்டார். வாங்கினவர்கள் ஃபாரம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 'பேரு மாத்திக்கறோம் ஐயா' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாற்றவில்லை. அந்தக் கையெழுத்துப் பேப்பரோடு வண்டி இரண்டு மூன்று கை மாறி, தாம்பரம் ஷெட்டுக்கு வந்திருக்கிறது.

அந்த அம்மா எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். மேலாக இருந்த ஒரு கடிதத்தை நீட்டினார். சென்னையில் சிக்னலை மீறியதற்காக அவர் கணவர் பெயருக்கு வந்த அபராத நோட்டீஸ்.

"அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு தம்பி. செத்தவர் எப்படிங்க சிக்னல் தாண்டுவார்?"

தம்பிக்குப் பேச்சு வரவில்லை. எனக்கும்தான்.

இது சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம் இல்லை, சார். டெல்லி உச்ச நீதிமன்றத்தில் 2018-ல் ஒரு தீர்ப்பு வந்தது. ஒருவர் தன் காரை 2007-ல் விற்றுவிட்டார். அது பல கை மாறியது. 2009-ல் ஒரு விபத்து, ஒரு குழந்தை இறந்துவிட்டது. ஆர்.சி.யில் அப்போதும் முதலில் விற்றவரின் பெயர்தான். நஷ்டஈட்டுக்கு யார் பொறுப்பு? புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். விற்றேன், பணம் வாங்கினேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன் என்பதெல்லாம் எடுபடவில்லை. உங்களில் எத்தனை பேர் பழைய பைக்கை விற்றுவிட்டு, '29, 30 கொடுத்தாச்சு, நம்ம வேலை முடிஞ்சது' என்று நிம்மதியாக இருக்கிறீர்கள்? விற்றவரும் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளிலும், வேறு மாநிலத்துக்கு என்றால் 45 நாளிலும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இன்றைக்கே உங்கள் பழைய நம்பரைப் பரிவாகன் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். வண்டி போயிருக்கும், நீங்கள் அதிலேயே உட்கார்ந்திருப்பீர்கள்!

மஞ்சள் பைக்குள் என்னென்ன இருந்தது தெரியுமா? அசல் புக், 1996-ல் சென்னை கொடுத்த என்.ஓ.சி.யின் நகல், வருஷ வாரியாக இன்ஷூரன்ஸ், வரி ரசீதுகள், பெட்ரோல் போட்ட கணக்கு நோட்டு... கடைசியாக, நாலாக மடித்த ஒரு பில். 2009-ல் வாங்கிய ஒரு செகண்ட் ஹேண்ட் இன்ஜின். நம்பரோடு. கடை விலாசம்: புதுப்பேட்டை, சென்னை!

"அவரு எதையும் தூக்கிப் போட மாட்டார்" என்றார் அந்த அம்மா.

அந்த நிமிஷம் 92,500 ரூபாய்க் கார் ஒன்றரை லட்சம் ஆனது. தாம்பரத்தில் நின்ற வண்டியில் ஒரு ஸ்க்ரூகூடக் கூடவில்லை. கூடியது பில் ஒன்றும், கையெழுத்துப் போடச் சம்மதித்த ஓர் ஆளும்தான்.

"உங்களுக்கு எவ்வளவும்மா கொடுக்கட்டும்?" என்று தம்பி கேட்டான்.

"அவரு வித்ததுக்குக் காசு வாங்கிட்டார். எனக்கு எதுக்கு? அவர் பேரை எடுத்துக் கொடுங்க, போதும்."

சென்னை திரும்பியதும் புரோக்கரிடம் பேசினோம். இறந்தவர் போட்ட ஃபாரத்தை வைத்துப் பேர் மாற்ற முடியாது, அந்தக் கையெழுத்து காலாவதி. வாரிசு இல்லாமல் உங்களிடம் இருப்பது 35,000 ரூபாய் இரும்பு என்று கணக்கைக் காட்டினேன். அவர் இரண்டரையிலிருந்து படிப்படியாக இறங்கி ஒன்று பத்தில் நின்றார். அட்வான்ஸ் பத்தாயிரம், பாக்கி முழுவதும் ஆர்.சி. தம்பி பெயருக்கு வந்த பிறகு என்று எழுதி வாங்கிக்கொண்டோம். இதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். பேப்பர் கோளாறான வண்டிக்கு விலையைக் குறைப்பது பாதி சாமர்த்தியம்தான். எப்போது கொடுப்பது என்பதில்தான் மீதிப் பாதி.

அப்புறம் ஏழு மாதம். முதலில் ஃபாரம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். கடலூர் மகளும் வெளிநாட்டு மகனும் சம்மதக் கடிதம். அந்த அம்மா பெயருக்குப் புக். அபராதம் கட்டியாயிற்று. இன்ஜின் பில்லைக் காட்டி நம்பரை ஏற்றி, எஃப்.சி. பார்த்து ஃபாரம் 25-ல் புதுப்பிப்பு. 29, 30-ல் அந்த அம்மா கையெழுத்து. 28-ல் என்.ஓ.சி. பிறகு நம் ஊரில் 27-ல் புது நம்பருக்கு மனு. 25, 27, 28, 29, 30, 31... லாட்டரிச் சீட்டு மாதிரி இருந்தாலும், வரிசையாகப் போட்டால் பரிசு நிச்சயம். வரிசை தப்பினால் மறுபடியும் பஸ்.

மும்பையில் பத்மினி டாக்சிகளின் கடைசி வண்டி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. அங்கே டாக்சிக்கு 20 வருஷம்தான் ஆயுள். அந்த வண்டி 2003-ல் பதிவானது. ஓட முடியாமல் நிற்கவில்லை. காகிதத்தில் நாள் முடிந்தது, நின்றது. அதைவிட 16 வருஷம் மூத்த நம் பத்மினியோ தாம்பரத்திலிருந்து புது நம்பரோடு புறப்பட்டது. ஆயுளைத் தகடு தீர்மானிக்கவில்லை, தாள் தீர்மானித்தது.

புது நம்பர் வந்ததும் தம்பி நேராகப் பாண்டிச்சேரிக்குத்தான் ஓட்டினான். முத்தியால்பேட்டை வீட்டு வாசலில் ஹார்ன் அடித்தான். அந்த அம்மா காரைச் சுற்றி வந்து பார்த்தார். 'கதவை ஓங்கிச் சாத்தாதே, அவருக்குப் பிடிக்காது' என்றார். மணக்குள விநாயகர் கோயில் வரைக்கும் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது, "அந்த கார்டைக் காட்டு" என்று தம்பியிடம் புது ஆர்.சி.யை வாங்கி, கண்ணுக்கு அருகே வைத்து, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இதுல எங்கேயும் அவர் பேர் இல்லையே?"

"இல்லம்மா."

"அப்பாடா!"

தம்பியின் கணக்கு நோட்டை நான்தான் எழுதுகிறேன். கொள்முதல், ரிப்பேர், வரி, பஸ் சார்ஜ் எல்லாம் அந்தந்தப் பத்தியில் ஏறிவிட்டது. அந்த 'அப்பாடா'வை எந்தப் பத்தியில் எழுதுவதென்று பி.காமில் சொல்லித் தரவில்லை.